தானியேல் எல்லாவற்றையும் மறுக்கவில்லை

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையும் சமாதானமும் உன்னோடிருப்பதாக.

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். "அப்பா, என்னோடு வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள். ஆனால் பாவம், பரிசுத்தம், கீழ்ப்படிதல் என்று வாயெடுத்தால் எந்தக் காலத்து ஆள் என்று பார்க்கிறார்கள். எதில் ஒத்துப்போவது, எதில் நிற்பது?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே இரண்டு விஷயங்களும் எழுதியிருந்தாய். வேலை முடிந்தபின் அவர்கள் வைக்கிற விருந்துக்குப் போகலாமா என்பது ஒன்று. செய்யாத மணிநேரத்தையும் சேர்த்துக் கணக்கு எழுதச் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. போனில் இரண்டு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

காலம் கெட்டுப்போச்சு என்ற புலம்பலோடு நான் ஆரம்பிக்கப்போவதில்லை. சபைக்குள்ளேயே மூடி மறைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றி வெளியிலிருந்தவர்கள் உரக்கக் கேட்ட பிறகுதான் பல சபைகள் வாய் திறந்தன. பலவீனருடைய குரலுக்குக் காது கொடுக்க இந்தக் காலம் கற்றிருக்கிற அளவுக்கு நாம் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஆனால் உன் ஆசைதான் நீ, அதற்குக் குறுக்கே நிற்கிறதெல்லாம் உனக்கு எதிரி என்று சொல்லிக்கொடுப்பதும் இதே காலம்தான். நல்லதும் கெட்டதும் ஒரே வாயிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கிற தெளிவு பட்டியல் போட்டு வருவதில்லை. தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறிவதை, மனம் புதிதாவதோடு சேர்த்தே பவுல் ரோமர் 12:2இல் சொல்கிறார். அந்த வேலை உள்ளே நடக்காவிட்டால், எத்தனை விதி எழுதிக் கொடுத்தாலும், விதியில் இல்லாத ஒரு கேள்வி வருகிற அன்றைக்குத் தடுமாறிப்போவோம்.

தானியேலை எடுத்துக்கொள். சிங்கக் கெபி உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முதல் அதிகாரத்துக்கு வா. கி.மு. 605 வாக்கில் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன பையன். அரண்மனையில் மூன்று வருஷப் படிப்பு, கல்தேயருடைய எழுத்தும் பாஷையும். படித்தான். பெயரை பெல்தெஷாத்சார் என்று மாற்றினார்கள். அது தன் தேவனுடைய நாமத்தின்படி இட்ட பெயர் என்று ராஜா நேபுகாத்நேச்சாரே நான்காம் அதிகாரத்தில் சொல்கிறான். அந்தப் பெயருக்காகக்கூட தானியேல் சண்டை போட்டதாக வேதத்தில் இல்லை. தன் ஜனத்தின் ஆலயத்தை இடித்த ராஜாவிடமே உத்தியோகமும் பார்த்தான். ராஜாவின் போஜனத்திலும் திராட்சரசத்திலும் மட்டும், மாட்டேன் என்று நின்றான்.

ஏன் அங்கே என்பதற்கு வேத அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். அவன் நின்ற விதத்தைப் பார். முதலில் தன் இருதயத்தில் தீர்மானம் பண்ணினான். பிறகு போய் வேண்டிக்கொண்டான். பிரதானிகளின் தலைவன், ராஜா என் தலையை வாங்கிவிடுவாரே என்று பயந்தபோது, அந்தப் பயத்தை அவன் துச்சமாக எண்ணவில்லை. விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் நீங்கள் காண்கிறபடி செய்யுங்கள் என்றான். உறுதியும் மரியாதையும் ஒரே ஆளிடம் இருந்தது. விசுவாசத்துக்காக நிற்கிறோம் என்று இன்று சத்தம் போடுகிற பலரிடம் மரியாதையைக் காணோம். அதை வைராக்கியம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் உன் இரண்டு விஷயங்களுக்கும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். விருந்துக்குப் போ. அவர்களோடு உட்கார், சிரி, அவர்கள் வீட்டுக் கஷ்டத்தைக் கேள். உனக்கு வேண்டாததைக் குடிக்காதே. யாரும் கேட்டால் காரணத்தை ஒரு வரியில் சொல், பிரசங்கம் வேண்டாம். ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்த இயேசுவுக்குப் பின்னால் போகிற நாம் அந்த மேஜைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கணக்கு விஷயத்தில் நில். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது பொய்யும் திருட்டும் சேர்ந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது அதைக் கழுவிவிடாது. தானியேல் மாதிரி நில்: தனியாகப் பேசு, மேலாளருடைய நெருக்கடியைப் புரிந்துகொள், உண்மையான கணக்கை எழுதியபடியே வேலையை முடிக்க ஒரு வழியை நீயே முன்வை. அதன்பிறகும் அவர்கள் கேட்காமல் போகலாம், உனக்கு நஷ்டமும் வரலாம். வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

இப்படி நிற்கிற பலம் ஒரே நாளில் வருவதில்லை. அதற்குத்தான் ஆறாம் அதிகாரம். அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, ஆட்சியே கைமாறிவிட்டது, தானியேல் இப்போது கிழவர். ஜெபத்துக்குத் தடை போட்டுக் கையெழுத்தானது தெரிந்தும் வீட்டுக்குப் போகிறார். எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த மேலறையில், "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிடுகிறார். அவசரத்துக்கென்று அன்றைக்கு ஆரம்பித்த ஜெபம் இல்லை அது. இரண்டாம் அதிகாரத்தில் உயிருக்கே ஆபத்து வந்தபோது தன் மூன்று தோழர்களிடம் சொல்லிச் சேர்ந்து மன்றாடியதையும் பார். ஒன்பதாம் அதிகாரத்தில் எரேமியாவை வாசித்துக்கொண்டிருக்கிறார். எழுபது வருஷம் என்ற அந்த வாக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய 29ஆம் அதிகாரக் கடிதத்திலும் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்று சொல்கிற கடிதம் அது. உன்னோடு வேலை செய்கிறவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாயா, மகளே?

நம்மை வனைகிற வேலை எப்படியும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கண் விழித்ததும் கை போனுக்குப் போகிறது. அதில் வருகிறதை யாரும் போதனை என்று சொல்வதில்லை. ஆனாலும் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது, யார்மேல் கோபப்படுவது, எது இல்லாவிட்டால் வாழ்க்கையே வீண் என்று தினமும் விடாமல் சொல்லிக்கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிநேர ஆராதனை மட்டும் அதற்கு ஈடுகொடுக்காது. நல்ல பிரசங்கங்களை வரிசையாகக் கேட்டுத் தள்ளுவதும் போதாது. கேட்கிற சுகத்தையே கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொள்வது நமக்கு எளிது.

ஆதி சபை இதை அறிந்திருந்தது. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. எழுதியவர் நம் ஆள் இல்லை. உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததையும் அதே கடிதத்தில் சொல்கிறார். அவர் விசாரித்து அறிந்தது என்ன? கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம், நம்பி ஒப்படைத்ததைத் திருப்பிக் கேட்கும்போது இல்லை என்று சொல்லமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். பாட்டும் பணவிஷயமும் அவர்களுக்கு ஒரே ஆராதனையில் அடங்கின. உன் மணிநேரக் கணக்கும் அங்கேதான் வருகிறது. 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற பழைய சபை ஒழுங்கு நூலைப் பார்த்தால், ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்கள் பொதுவாக மூன்று வருஷம் வசனம் கேட்டுப் பழக வேண்டும். அதன்பின் அவர்களைப் பற்றி விசாரித்தது, விதவைகளை மதித்தார்களா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்களா என்று. இன்றைக்கு நாம் ஒரு கூட்டத்தில் கை தூக்கியதோடு ஒருவரை விட்டுவிடுகிறோம். எனக்கு அது வருத்தம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1935இல், ஒரு தேசத்தின் மனதையே ஹிட்லரின் அரசு வளைத்துக்கொண்டிருந்த ஜெர்மனியில், டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற போதகர் ஃபின்கன்வால்டே என்ற ஊரில் இளம் போதகர்களைப் பயிற்றுவித்தார். காலையில் அரைமணிநேர மௌன தியானம், வாரம் முழுக்க அதே சின்ன வேதப்பகுதி. மாணவர்கள் பலருக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை. இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் ஓர் ஒழுங்கு இருந்தது. 1937இல் ரகசிய போலீஸ் அந்த இடத்தை மூடியது, 1945இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஓடி ஒளிந்து தியானம் செய்தவர் இல்லை அவர்.

ஒரே பகுதியை வாரம் முழுக்க வாசிப்பது எப்படியிருக்கும் என்று கேட்பாய். சங்கீதம் 13ஐ வைத்துப் பார். ஆறே வசனம். முதல் நாள் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அடுத்த நாள், முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று சங்கீதக்காரன் நான்கு தரம் கேட்கிறானே என்று கண்ணில் படும். அதன்பின் ஒரு நாள் "சஞ்சலத்தை நித்தம் நித்தம்" என்ற இடத்தில் உன்னுடைய சொந்த சஞ்சலம் எழுந்து வந்து நிற்கும். அதைத் தள்ளிவிடாமல் கர்த்தரிடம் சொல். ஐந்தாம் வசனத்தில் அவன் கிருபையின்மேல் நம்பிக்கை வைக்கிறான். இடையில் அவனுடைய நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. அந்தத் தாவலை உன்னால் சில நாள் தாவ முடியாது. முடியாத நாளில் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள், பரவாயில்லை. போனைத் தொடுமுன் வாசி, வாய்விட்டு வாசி.

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டு சரியில்லை, போதகர் பழைய காலத்தவர் என்றெல்லாம் எழுதியிருந்தாய். இருக்கட்டும். உன்னைவிட வயதில் மூத்த ஒரு சகோதரியையும், உன் வயதுக்காரர் ஒருவரையும் அங்கே தேடிப் பிடி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் 1742இல் சபைக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்டு, அதையே ஆத்துமாவை விசாரிக்கிற பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாக மாற்றினார்கள். உன்னிடம் வாராவாரம் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டு, சும்மா சொல்கிற பதிலை ஏற்றுக்கொள்ளாத ஓர் ஆள் உனக்கு வேண்டும். அப்பா தூரத்தில் இருக்கிறேன், என்னால் அதை முழுசாகச் செய்ய முடியாது.

திங்கட்கிழமையிலிருந்து நானும் அம்மாவும் சங்கீதம் 13ஐத்தான் வாசிக்கப்போகிறோம். நீயும் சேர்ந்துகொள். சனிக்கிழமை பேசும்போது எந்த வசனத்தில் நின்றாய் என்று சொல், வறட்சியாக இருந்தால் வறட்சி என்றே சொல். மேலாளரிடம் எப்போது பேசப்போகிறாய் என்பதை முன்கூட்டியே தெரியப்படுத்து, அந்த நேரத்தில் நாங்கள் ஜெபத்தில் இருப்போம்.

அன்புடன்,
அப்பா