தலையில் படை வந்தால் விடுதியில் இடமில்லையா?

மாணவர் விடுதிகளைக் கவனிக்கும் மாவட்ட அலுவலர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் விடுதியில் போன மாதம் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். தலையில் படர்தாமரை வந்த பையன்களை, "முடி முளைத்த பிறகு வா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் என் அக்கா மகனும் ஒருவன். ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

அனுப்புவதற்கு முன்னால் சுத்தம் என்ற பெயரில் விடுதி முழுக்க ஒரே மெஷினால் மொட்டையாக வெட்டினார்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சை உதிர்ந்த முடியிலும் செதிலிலும் ஒட்டிக்கொண்டு சீப்பு, துண்டு, தலையணை, மெஷின் என்று பரவக்கூடியது. ஒருவன் தலையில் இருந்ததை வரிசையில் நின்ற எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு, அப்புறம் பரப்புகிறவன் என்று அவனையே வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டில் தங்கைகள் இரண்டு பேர். ஒரே பாய், ஒரே சீப்பு. விடுதியில் ஆகாதவன் அங்கே யாரோடு படுப்பான்? அவனைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்கு வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கூலியும் போயிற்று. அக்கம்பக்கத்தார் புழுவெட்டு என்று சொல்லிச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்க வைத்தார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு கலந்த களிம்பு கிடைத்தது. இரண்டு நாள் அரிப்பு அடங்கியது. பிறகு படை அகன்று, சீழ் கோத்து, தலை வைத்துப் படுக்க முடியாத வீக்கமாகிவிட்டது. இப்படி வீங்கி ஆறிய இடத்தில் தழும்பு விழுந்து, சில பிள்ளைகளுக்கு முடி திரும்ப முளைப்பதே இல்லையாம். அப்படியானால் உங்கள் விடுதிக் கணக்கில் அவன் எப்போது திரும்பி வரலாம்?

தோல் மருத்துவர் சொன்னது இவ்வளவுதான். பூஞ்சை முடியின் வேரில் இருக்கிறது, களிம்பு அங்கே எட்டாது, மாத்திரைதான் வேண்டும். கிரிசியோஃபுல்வின் என்றால் ஆறு முதல் எட்டு வாரம், பாலோடோ கொழுப்புள்ள சாப்பாட்டோடோ. கூடவே கீட்டோகோனசோல் ஷாம்பு. மருந்து தொடங்கிவிட்டால் பள்ளிக்குப் போகலாம், தடையில்லை.

ஆகவே, அம்மா, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மருத்துவரை விடுதிக்கு அழையுங்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே (ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம்) என்ற அரசுத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. அதன் பட்டியலில் தோல் நோயும் உண்டு. அந்தக் குழு வந்து எல்லாத் தலைகளையும் பார்க்கட்டும். வெளியே ஒன்றும் தெரியாமலே பூஞ்சையைச் சுமக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஆய்வுக்கு யாராவது வரும் நாளில் மட்டும் குளியலறைக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறதே, அது எப்படி என்று வார்டனிடம் கேட்டேன். சிரித்தார். அத்தனை பிள்ளைகளுக்கும் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று, சீப்பு ஒன்று, அதற்கும் சிரிப்புதான். சரி, அதையெல்லாம் தனியாக எழுதுகிறேன். கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான்: வீட்டுக்கு அனுப்பாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். வரும் திங்கட்கிழமை மாத்திரையோடும் மருத்துவரின் சீட்டோடும் அவனை விடுதியில் கொண்டுவந்து விடப்போகிறோம். உள்ளே விடும்படி வார்டனிடம் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் தாய்மாமன்