கேழ்வரகுக் கஞ்சி: அளவைச் சொல்லாமல் எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வந்த சிறுதானியக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "சர்க்கரை நோயாளிகள் கேழ்வரகுக் கஞ்சியை வயிறாரக் குடிக்கலாம்" என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் இதழில் வந்ததைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு உணவியலாளரான என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் உண்டு. அத்தனை நம்பிக்கை வைத்திருக்கும் வாசகர்களுக்கு இப்படி ஒரு வரியைக் கொடுத்துவிட்டீர்களே என்று மனம் மிக வருந்துகிறது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணை உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், தீட்டிய பச்சரிசியில் 78 கிராம். நார்ச்சத்தில்தான் பெரிய வித்தியாசம்: கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அந்த நன்மையைத்தான் கஞ்சி குறைத்துவிடுகிறது. நைசாக அரைத்து, துணியில் சலித்து, நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் மாவுச்சத்து ஊதி உடைந்துபோகிறது. மெல்ல வேண்டிய வேலையும் இல்லை. வயிற்றைத் தாண்டிச் சட்டென்று குடலுக்குப் போய், இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது. வயிறார என்றால் 2 பெரிய தம்ளர், அதாவது 60 முதல் 75 கிராம் மாவு. அதில் மட்டும் 40 முதல் 50 கிராம் மாவுச்சத்து. 'கருப்பட்டி சேர்க்கலாம், கெடுதல் இல்லை' என்று கட்டுரை வேறு சொல்கிறது. 20 கிராம் கருப்பட்டியில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரைதான் இருக்கிறது. நிறம் கறுப்பு என்பதால் உடம்புக்குள் அது வேறாகிவிடாது.

அதே கேழ்வரகை 40 கிராம் அளவில், சலிக்காத மாவாக, முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ பருப்போ வைத்துச் சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாக இருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு நாள் கஞ்சிக்கு, ஒரு நாள் அடைக்கு என்று, முதல் வாய் வைத்ததிலிருந்து 1 மணி நேரத்திலும் 2 மணி நேரத்திலும் வீட்டுக் கருவியில் பார்த்துக்கொள்ளலாம். ஒருமுறை மட்டும் பார்ப்பதானால் கஞ்சிக்கு 1 மணி நேர அளவே முக்கியம். 2 மணி நேரத்துக்குள் அது இறங்கிவிட்டிருக்கலாம்.

முளைகட்டிய மாவு எல்லாருக்கும் மேலானது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு அது உண்மையிலேயே அருமையான உணவு. 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி பெருகும். அது மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குவதால், குழந்தை விழுங்கும் பதத்திலேயே கூடுதல் மாவு சேர்க்க முடிகிறது. காயவைத்தபின் லேசாக வறுத்தால் போதும். வாசனை வருகிறதே என்று சிவக்க வறுத்தால் நொதி அழிந்து, கஞ்சி பழையபடி கெட்டியாகிவிடும். குழந்தைக்கு நன்மை செய்யும் இதே குணம் சர்க்கரை உள்ள பெரியவருக்குப் பாதகம், ஏனென்றால் மாவுச்சத்து முன்கூட்டியே உடைந்து தயாராக இருக்கிறது. இருவருக்கும் ஒரே பத்தியில் ஒரே சிபாரிசு எப்படிச் செய்ய முடியும்?

அடுத்து, "ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, மூன்று தம்ளர் பாலுக்குச் சமம்." 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதும், 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 இருப்பதும் சரிதான். ஆனால் அந்த 364 காய்ந்த தானியத்துக்கு உரியது. ஒரு தம்ளர் கஞ்சிக்குள் போவது 25 கிராம் மாவு, கிடைப்பது சுமார் 90 மில்லிகிராம். 200 மில்லி பாலில் 240 கிடைக்கும். கேழ்வரகில் இயற்கையாகவே உள்ள, சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட், ஆக்சலேட் என்ற பொருள்கள் அந்த 90-லும் ஒரு பங்கை உடம்பில் சேரவிடா. உமியை ஒட்டிய தோலில்தான் சத்து அதிகம் என்பதால், சலித்துக் கப்பியை எறிந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கை நம்பிப் பாலை நிறுத்துகிற கர்ப்பிணியின் எலும்புக்கு யார் பொறுப்பு?

இது முதல் தடவையும் அல்ல. இரத்தசோகைக்குக் கீரைச் சாறு என்று எழுதினீர்கள். சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும் என்று ஒரு வரி இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53 சதவீதத்தினருக்கு, இரத்தசோகை. அவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் சாறு என்பது அநியாயம். செக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் கொழுப்பு சேராது என்றும் ஒரு முறை வந்தது. எந்த எண்ணெயானாலும் 1 கிராமுக்கு 9 கலோரி.

கட்டுரையாளர் மேற்கோள் காட்டிய 2024 தேசிய உணவு வழிகாட்டுதலையே பாருங்கள். தானியமும் சிறுதானியமும் சேர்ந்து மொத்தக் கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சிறுதானியத்தை அது அரிசியோடு ஒரே கணக்கில் வைக்கிறது, அளவற்றுக் கொடுக்கவில்லை.

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் காலை உணவை மாற்றும்போது மருந்து அளவையும் மருத்துவரிடம் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியம், பாஸ்பரஸ் பற்றிக் கேட்டுத்தான் கேழ்வரகு. இரண்டுமே அந்தக் கட்டுரையில் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் 'வயிறாரக் குடிக்கலாம்', 'மூன்று தம்ளர் பாலுக்குச் சமம்' என்ற அந்த இரண்டு வரிகளுக்கும் திருத்தம் போடுங்கள். இனி வரும் சமையல் குறிப்புகளில் ஒருவருக்கு எத்தனை கிராம் என்பதைச் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி, உணவியலாளர்,
மதுரை.