குளோரைடு தெருவிலிருந்து அப்பாவுக்கு

புரோக்கன் ஹில், ஆஸ்திரேலியா,
ஜனவரி, ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில் கேட்டீர்களே, "வாடகைக்குக் கொட்டுற பணத்துக்கு ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் என்ன?" என்று. பாதியில் அம்மா போனை வாங்கிக்கொண்டதால் பதில் சொல்ல முடியவில்லை.

விலையைக் கேட்டால் உங்களுக்கு ஆசை வரும். சிட்னியில் ஒரு வீடு பத்து லட்சம் டாலரை எளிதாகத் தாண்டும். இங்கே எங்கள் தெருவில் மூன்று அறை வீடு 2,10,000 டாலருக்குப் போனது. ஆனால் நான் வாங்க முடியாது. என்னைப் போன்ற தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு வாங்க 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை தடை. புதிதாகக் கட்டலாம் என்றால், கட்டுகிற செலவு பழைய வீட்டு விலையைத் தாண்டிவிடும். யார் கட்டுவார்கள்?

தடை போனாலும் வங்கி இருக்கிறது. சுரங்க ஊர் என்றாலே கடன் தர முன்பணம் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் இருந்த ஊர், இப்போது 17,000 சொச்சம். நெய்வேலியில் முப்பது வருஷம் இருந்த உங்களுக்கு, சுரங்கம் ஓய்ந்தால் ஊரும் காலியாகுமோ என்ற பயத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே பழுப்பு நிலக்கரி, இங்கே வெள்ளி, ஈயம், துத்தநாகம். தெருப் பெயர்கூட ஆக்சைடு, சல்ஃபைடு, அயோடைடு! நெய்வேலியில் நம் பிளாக் நம்பரே தேவலை.

வீடு எப்படி என்று கேட்டீர்கள். கூரை மட்டுமல்ல, சுவரும் தகரம்தான், உள்ளே மரச் சட்டம். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுவரோரக் கட்டையைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'டொக்' என்று காலிச் சத்தம். அழுத்தினால் பிடி உள்ளே இறங்கிவிட்டது. கரையான். வாடகை வீடுதான், ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டை நிர்வகிக்கிற ஏஜென்ட் ஆள் அனுப்ப ஐந்து வாரம் ஆனது. நாங்கள் வாடகை கட்ட ஒரு நாள் பிந்தினால் மட்டும் மெசேஜ் பறந்து வரும். இங்கே வாடகை வாரக் கணக்கு, எங்களுக்கு 340 டாலர்.

முருங்கைக் குச்சி நடச் சொன்னாள் அம்மா. முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஊர் நடுவிலேயே சுரங்கக் கழிவு மேடு, மண்ணில் ஈயம். காய்கறி வேண்டுமென்றால் வெளி மண் வாங்கித் தொட்டியில்தான் போடுகிறோம். குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதிக்கிறார்கள். பாப்பாவுக்கும் பார்த்தோம், கவலைப்படும் அளவு இல்லை. ஆனாலும் வெளியே விளையாடிவிட்டு வந்தால் கை கழுவாமல் உள்ளே விடுவதில்லை.

தண்ணீர் 270 கிலோமீட்டர் தள்ளி மர்ரே ஆற்றிலிருந்து குழாயில் வருகிறது, 2019 முதல். அதற்கு முன் பட்ட பாட்டைப் பெரியவர் கதை கதையாகச் சொல்வார். வெயில் 42 டிகிரி. கூலர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம், வடலூர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்றீர்களே, கொத்தனாரை இந்த மாதமே கூப்பிடுங்கள். ஐந்தாம் தேதி பணம் போட்டிருக்கிறேன். ஞாயிறு உங்கள் மணி காலை எட்டுக்குக் கூப்பிடுகிறேன், இங்கே அப்போது மத்தியானம் ஒன்று.

உங்கள் மகன்