லலிதா ராயின் பிள்ளை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். முழங்கால் சரியாகும்வரை பயிற்சி விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீ யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், அப்பா சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்பது உனக்கே தெரியும். உனக்குப் பிடித்த ஆளைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்திர லால் ராய், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் சண்டை விமானம் ஓட்டிய நம் நாட்டுப் பையன். சின்ன வயதில் அவன் படத்தை உன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாய். 1918 ஜூலை 6 முதல் 19 வரை வானச் சண்டையில் பத்து வெற்றி, 8ஆம் தேதி மட்டும் நாலு மணி நேரத்துக்குள் மூன்று என்று ஒப்பிப்பாய். எனக்கோ அந்த இரண்டு வாரத்தைவிட, அதற்கு முந்தைய கதைதான் மனசில் நிற்கிறது. அதை யாரும் போஸ்டரில் போடுவதில்லை.

அவர்கள் பாரிசால் பக்கத்து லக்குடியா ஜமீன் குடும்பம். இன்றைக்கு அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா பியாரே லால் ராய் கல்கத்தாவில் பாரிஸ்டர். அம்மா லலிதா, மேல்நாட்டு மருத்துவம் படித்த முதல் இந்தியர்களில் ஒருவரான சூரியகுமார் குடீவ் சக்ரவர்த்தியின் மகள். ஆறு பிள்ளைகள். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா லண்டனில் போய்க் குடியிருந்திருக்கிறார், அப்பா இங்கே தொழிலைப் பார்த்துக்கொண்டிருக்க. அந்தக் காலத்தில்! ஒரு பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரவே எனக்குக் கால் நகரவில்லை.

1911 ஜூன் 17 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டலுக்கு ஐந்து நாள் முன்னால், லண்டனில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் பெரிய ஊர்வலம் போனார்கள். அதில் சேலை கட்டிய இந்தியப் பெண்கள் நிற்கும் புகைப்படம் இருக்கிறது, லலிதா அதில் இருக்கிறார். அன்றைக்கு இந்திராவுக்குப் பன்னிரண்டு வயது. பையனுக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேடப்போவதில்லை. போர் வந்ததும், 1916இல் இந்திய சிப்பாய்களுக்காக நிதி திரட்டும் வேலையிலும் அந்த அம்மா இருந்தார். அண்ணன் பரேஷ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். பிற்பாடு இந்தியாவில் குத்துச்சண்டையை வளர்த்தவர் என்று பெயர் வாங்கியது அவன்தான்.

இந்திரா லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தவன். விமானப் படைக்கு மனுப்போட்டபோது கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கிவந்து உள்ளே நுழைந்தான் என்பார்கள். 1917 ஏப்ரலில் சேர்ந்து, அக்டோபர் கடைசியில் 56ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்குப் போனான்.

டிசம்பர் 6ஆம் தேதி, பத்தொன்பது வயது முடிந்த நாலாம் நாள், அவன் ஓட்டிய எஸ்.இ.5ஏ சண்டை விமானம் விழுந்து நொறுங்கியது. செத்துவிட்டான் என்று பிணவறையில் போட்டுவிட்டார்கள், நினைவு வந்து கதவைத் தட்டினான் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் மசாலா சேர்ந்த கதையாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் காயம் உண்மை, பறக்கத் தகுதியில்லை என்று அவனை ஒதுக்கிவைத்ததும் உண்மை. ஒரு வெற்றிகூட இல்லாமல், வந்த சூட்டோடு திரும்பிவிட்ட பைலட். அப்போது அவன் கணக்கு அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் அவன் செய்தது படம் வரைந்தது. விமானம் விமானமாக வரைந்திருக்கிறான், நிறைய. பல படங்கள் இன்னும் இருக்கின்றன. மருத்துவக் குழுவோடும் மல்லுக்கட்டி, 1918 ஜூனில் 40ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்துசேர்ந்தான். அங்கே அவனுக்குத் தலைவன் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற அயர்லாந்துக்காரன், எதிரி விமானங்களை வீழ்த்துவதில் தேர்ந்தவன். அதற்கப்புறம்தான் நீ ஒப்பிக்கும் ஜூலை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஜூலை 22ஆம் தேதி பிரான்சில் கார்வாங் ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவன் போய்விட்டான். அப்போது பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டே கொடுப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் நூறு வருஷம் பிந்திய கோபம், யாரிடம் போய்க் காட்டுவது? மெக்கெல்ராயும் அதே மாதம் 31ஆம் தேதி போனான். செப்டம்பரில் இந்திராவுக்கு டி.எஃப்.சி. என்ற, வானில் காட்டிய வீரத்துக்கான பிரிட்டிஷ் பதக்கம் அறிவித்தார்கள், இந்தியர் ஒருவருக்கு அது முதல் தடவை. பிரான்சில் எஸ்தெவெல் கிராமத்துக் கல்லறையில் பிரெஞ்சோடு வங்க மொழியிலும் எழுதியிருக்கிறது: மாவீரனின் சமாதி, மரியாதை செய், தொடாதே.

பாராசூட் இல்லாத காலத்தில்கூட காயம்பட்டவனை உடனே மேலே அனுப்பவில்லை தம்பி. ஆறு மாதம் உட்காரவைத்தார்கள். உன்னை ஆறு வாரம் உட்காரச் சொன்னதற்கா இந்த முறைப்பு? டாக்டர் எதிரி இல்லை. பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் படி. பிசியோதெரபிக்கு ஒரு நாளும் மட்டம் போடாதே, வலிக்கிறது என்றால் அவர்களிடமே சொல், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

உங்கள் நூலகத்தில் இந்திரா வரைந்த படங்கள் எந்தப் புத்தகத்திலாவது இருந்தால் போனில் படம் எடுத்து அனுப்பு. எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா