மஞ்சள் மண்டிக் கணக்கைக் குழப்பிய புதிய பதிப்பு: ஒரு புகார்

அனுப்புநர்
கணக்கர்,
மஞ்சள் கமிஷன் மண்டி,
ஈரோடு.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளின் புதிய பதிப்பு, எண்களையும் தேதிகளையும் கேட்காமல் மாற்றுவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். முதலில் பேரேட்டில், கடந்த ஒன்பது வருஷமாக உங்கள் மென்பொருளில். சந்தா ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. இந்த ஏப்ரல் முதல் தேதி, வரத்து உச்சத்தில் இருக்கும்போது, காலையில் கணினியைத் திறந்தால் பழைய பதிப்பைக் காணோம். புதியது வந்து உட்கார்ந்திருந்தது. ‘தொடங்கலாமா?’ என்று வண்ண வண்ணமாக ஒரு வரவேற்புத் திரை வேறு. வாசலில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் எங்கே புதிதாகத் தொடங்குவது?

மெனுக்கள் இடம் மாறியதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. வீடு மாறினால் உப்பு டப்பாவை நாலு நாள் தேடத்தான் வேண்டும். ஃபில்டர் பட்டனைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது, போகட்டும். நான் வைத்த கணக்கில் நீங்கள் கை வைத்ததுதான் என் புகார்.

எங்கள் எடைமேடைக் கணினியிலிருந்து தினமும் ஒரு சி.எஸ்.வி. கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல், வரும். தேதி, விவசாயி பெயர், மஞ்சள் விரலி ரகமா கிழங்கு ரகமா, மூட்டை, எடை, விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். பழைய பதிப்பு அதைத் திறக்கும் முன், எந்த நெடுவரிசையில் இருப்பது எண், எதில் எழுத்து, எதில் தேதி என்று கேட்கும். புதியது எதுவும் கேட்பதில்லை. தானே முடிவு செய்துகொள்கிறது.

முதலில் வங்கிக் கணக்கு எண்கள். சில வங்கிகளில் அவை 16 இலக்கம். உங்கள் மென்பொருள் அவற்றைக் கூட்டிக் கழிக்கும் தொகை என்று நினைத்துக்கொண்டது. 15 இலக்கத்துக்கு மேல் அதால் சரியாக வைத்துக்கொள்ள முடியாது என்பதால், கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. திரையில் புள்ளியும் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டியதால் எனக்கும் தெரியவில்லை. அப்படியே வங்கிக்குப் போய்விட்டது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் என்.இ.எஃப்.டி.யில் பெயரைப் பார்த்து வரவு வைப்பதில்லை, எண்ணைப் பார்த்துத்தான். நல்ல வேளை, அந்த எண்களில் யாருக்கும் கணக்கு இல்லை, பணம் திரும்பி வந்தது. இருந்திருந்தால்? மூன்றாம் நாள் ஒரு பெரியவர் மண்டிக்கே வந்து, “ஏனுங்க, பணம் இன்னும் ஏறலீங்களே, மகளுக்குச் சீர் செய்யோணுமுங்க” என்று கேட்டபோது, கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை தப்பு என்னுடையது.

அடுத்தது தேதி. இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு ராத்திரி போனது. 03/04 என்றால் எங்களுக்கு ஏப்ரல் 3. உங்கள் புதிய பதிப்பு அதை மார்ச் 4 ஆக்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மாதம்தான் வித்தியாசம். ஆனால் எங்கள் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. இந்த ஆண்டுக் கொள்முதல், முடித்துக் கட்டிய போன ஆண்டுக் கணக்கில் போய் விழுந்துவிட்டது. இன்னொரு கூத்தும் உண்டு. 13-ஆம் தேதியிலிருந்து இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் 13-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது. அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிட்டு, முதல் 12 நாட்களை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறது. தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் பாதி மேலே, பாதி கீழே. மொத்தமும் தப்பாக இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பேன்.

மஞ்சளுக்கான எச்.எஸ்.என். எண், அதாவது ஜி.எஸ்.டி. பில்லில் போடும் பொருள் வகை எண், 0910. அதில் முன்னால் இருந்த பூஜ்ஜியம் எல்லாப் பில்லிலும் காணாமல் போனது. 12,45,000 என்பது 1,245,000 ஆனது. சேமித்துத் திறந்தால் விவசாயிகளின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகள். இவற்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். அரட்டைப் பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த இயந்திரம், ‘புதிய பதிப்பில் முதல் அடிகள்’ என்ற வீடியோவை நான்கு முறை அனுப்பியது. கடைசியில் மனிதர் ஒருவர் வந்து, எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எழுத்தாகவே இருக்கும் என்றார். கையால் அடிக்கும் எண்ணுக்கு அது சரி. எடைமேடையிலிருந்து நாளொன்றுக்கு 300 வரி வருகிறதே, அதற்கு என்ன செய்வது என்றேன். பதில் இல்லை.

என் மகள் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் இது மண்டிக்கு மட்டும் வந்த வினை இல்லை என்று தெரிந்தது. ‘மார்ச்1’ என்ற மரபணுவின் பெயரை விரிதாள்கள் ஓயாமல் மார்ச் முதல் தேதியாக்கிக் கொண்டிருந்ததால், 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயரையே ‘மார்ச்எஃப்1’ என மாற்றிவிட்டதாம். விஞ்ஞானிகள் மரபணுவின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். விவசாயியின் கணக்கு எண்ணை நான் மாற்ற முடியாது. எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்கும் வசதி 2023-இலேயே வந்துவிட்டது. உங்களிடம் ஏன் இல்லை? முன்பு இருந்த கேள்வியையும் ஏன் எடுத்தீர்கள்?

ஆகவே, இந்த சீசன் முடியும் ஜூன் மாதம் வரையாவது பழைய பதிப்பை எங்கள் மூன்று கணினிகளிலும் திரும்ப நிறுவித் தர வேண்டும். கோப்பைத் திறக்கும் முன் கேட்கும் அந்தப் பழைய திரையைப் புதிய பதிப்பில் சேர்க்க வேண்டும், அது எப்போது வரும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி எங்கள் சம்மதம் இல்லாமல், அதுவும் ஏப்ரல் முதல் தேதியில், பதிப்பை மாற்றக் கூடாது. இவை 15 நாட்களுக்குள் நடக்காவிட்டால் மீதமுள்ள எட்டு மாதச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள், நாங்கள் வேறு பார்த்துக்கொள்கிறோம்.

எடைமேடைக் கோப்பின் அசலையும், உங்கள் மென்பொருள் திறந்து சேமித்த நகலையும் இணைத்துள்ளேன். பெயர்களையும் கணக்கு எண்களின் நடு இலக்கங்களையும் மறைத்திருக்கிறேன். கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். பதிலை வீடியோவாக அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கர்,
ஈரோடு.