கூட்டத்தில் பாலிசி பேச்சு தொடங்குமுன்: மதுரை மாவட்ட முன்னாள் படைவீரர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, வணக்கம்.

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் என்று எந்தப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கூடினாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "ஈ.சி.எச்.எஸ். கார்டை நம்பலாமா, இல்ல தனியா ஒரு பாலிசி போட்டுரலாமா?" ஈ.சி.எச்.எஸ். என்பது முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மத்திய அரசு நடத்தும் மருத்துவத் திட்டம்; பாலிசி என்பது தனியார் மருத்துவக் காப்பீடு. கார்டை நம்பலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் காகிதம் சரியில்லாத கார்டு ஆஸ்பத்திரி கவுன்டரில் காலை வாரிவிடும். அதைச் சரிசெய்யச் சங்கங்களால் முடியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் பணக் கணக்கு. 2003 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சந்தா ஒரே ஒரு முறைதான். 2017 இறுதியில் திருத்திய கட்டணப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஹவில்தாருக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவியான ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அதுவும் கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலை இல்லை, வயது வரம்பு இல்லை, சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. சர்க்கரை, இதய நோய் ஏற்கெனவே இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். மாதாந்திர மாத்திரையும் வெளிநோயாளர் சிகிச்சையும் இதற்குள் அடக்கம்.

தனியார் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அறுபதைத் தாண்டியவருக்குப் பிரீமியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். மாத்திரைச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தொடுவதில்லை. அறை வாடகை வரம்பை மீறினால் மொத்த பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும் பாலிசிகளும் உண்டு. அதைவிட மோசமானது, "பிரஷர் இருக்குனு எழுத வேண்டாம் சார்" என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுப் படிவத்தில் மறைப்பது. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அதைக் காட்டியே கிளைமை மறுத்துவிடலாம்.

அப்படியானால் கார்டு வைத்திருப்பவர்கள் ஏன் அலைகிறார்கள்? பெரும்பாலும் ஆவணக் கோளாறு. படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் 'முத்துலெட்சுமி', ஆதாரில் 'எம். முத்துலட்சுமி', ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதியே வேறு. இப்படி இருந்தால் சிப் பொருத்திய புது 64 கே.பி. ஈ.சி.எச்.எஸ். கார்டுக்கான ஆன்லைன் விண்ணப்பம் திரும்பி வரும். ஆதாரை மட்டும் திருத்தினால் போதாது. எந்த ஆவணம் தவறோ அதைத் திருத்த வேண்டும். தவறு படைப் பதிவில் இருந்தால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித்தான் ஆக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது, ஆள் நன்றாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

விதவைகள் நிலை இன்னும் வருத்தம் தருவது. கணவர் இறந்ததும் அவர் பெயரில் இருந்த கார்டை ஒப்படைத்துவிட்டு, குடும்ப ஓய்வூதிய ஆணையோடு தன்னையே முதன்மை உறுப்பினராகக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். மறுபடியும் சந்தா கட்டத் தேவையில்லை. இதை யாரும் சொல்லாததால் பழைய கார்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கும் அம்மாக்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். மகனுக்கு 25 வயது ஆனாலோ வேலை கிடைத்தாலோ, மகளுக்குத் திருமணம் ஆனாலோ, அந்தக் கார்டுகளை நிறுத்திவிடவும் வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இந்த வயது வரம்பு இல்லை.

அடுத்தது ரெஃபரல். அவசரம் இல்லாத சிகிச்சைக்குப் பொதுவாகப் பாலிகிளினிக் (ஈ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த வெளிநோயாளர் மருத்துவமனை) மருத்துவரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கித்தான் எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள, மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'ஈ.சி.எச்.எஸ். ஏற்கப்படும்' என்ற போர்டு இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒப்புதல் துறைவாரியாகத்தான் தரப்படுகிறது. கண்ணுக்கு ஒப்புதல் உள்ள இடத்தில் எலும்புமுறிவுக்கு இல்லாமல் போகலாம். எந்தத் துறைக்கு, எந்தத் தேதி வரை என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். ஹவில்தார் வரை பொது வார்டு, ஜே.சி.ஓ.வுக்கு செமி பிரைவேட், அதிகாரிக்குத் தனியறை. இதற்கு மேல் அறை கேட்டால் கூடுதல் பணம் நோயாளி தலையில்.

சில மருத்துவமனைகள் 'பில் பாக்கி வரல' என்று முன்பணம் கேட்கின்றன. பில்கள் ஆன்லைனில் சரிபார்க்கப்பட்டு, ஒப்புதல் பெற்று, நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பதால் தாமதம் ஆவது உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை உறுப்பினர் ஏற்க வேண்டியதில்லை. முன்பணம் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், உடனே பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவியுங்கள். வாய்ச் சண்டையால் இந்த விஷயத்தில் எதுவும் நடக்காது.

நெஞ்சுவலி, விபத்து, பக்கவாதம் என்றால் ரெஃபரல் தேடி ஓட வேண்டாம். எம்பேனல் ஆன இடத்துக்கு நேரே போய், கார்டைக் காட்டி, பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்விட்டதா என்று மருத்துவமனையிடம் உறுதிசெய்யுங்கள். எழுமலையில் இருந்தோ பேரையூரில் இருந்தோ மதுரைக்கு நேரே வர அவகாசம் இல்லாமல், எம்பேனல் இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டி வரலாம். அப்போது 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குக் குடும்பமே தெரிவிக்க வேண்டும். கையில் இருந்து கட்டிய பணம் சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) விகிதப்படிதான் திரும்பும், மீதி நம் செலவு. அவசரச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பொருள்வாரி பில், ரசீது எல்லாவற்றிலும் அசல் வேண்டும்.

தனியார் பாலிசியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓய்வூதியம் இல்லாமல் படையை விட்டு வந்தவர்களில் ஈ.சி.எச்.எஸ். தகுதி இல்லாதவருக்கும், 25 வயதைக் கடந்த மகனுக்கும், மாத வருமானம் 9,000 ரூபாய் மற்றும் அகவிலைப்படிக்கு மேல் போனதால் சார்ந்தோர் பட்டியலில் சேராத பெற்றோருக்கும் அது தேவைதான். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஓய்வூதியர்கள் ஈ.சி.எச்.எஸ்.ஸில் வரமாட்டார்கள், அவர்களுக்கு வழி வேறு. கார்டு உள்ள தம்பதிக்கு எம்பேனல் இல்லாத மருத்துவமனை பற்றிய பயம் நீங்கவில்லை என்றால், முழு பாலிசிக்குப் பதில், குறிப்பிட்ட தொகைக்கு (கழிவுத் தொகை) மேல் போகும் செலவுக்கு மட்டும் பணம் தரும் சூப்பர் டாப்-அப் பாலிசி பார்க்கச் சொல்லுங்கள். கழிவுத் தொகை 5 லட்சம் என்றால் முதல் 5 லட்சத்துக்கு அது எதுவும் தராது, அதனால்தான் பிரீமியமும் குறைவு.

70 வயதானவர்களுக்கு மத்திய அரசு தரும் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஈ.சி.எச்.எஸ். உறுப்பினர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆயுஷ்மானில் ஆண்டுக்கு 5 லட்சம் என்று வரம்பு உண்டு. யாரோ முகாம் போட்டார்கள் என்று கைரேகை வைத்துவிடாதீர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த மாதக் கூட்டத்தில் பாலிசி பேச்சுக்கு இடம் கொடுக்குமுன், ஒரு மேசை போட்டு ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் தேதியையும் ஒப்பிடுங்கள். உங்கள் ஊர் விதவைகளின் பட்டியலை எடுத்து, யாருக்கு முதன்மைக் கார்டு இல்லை என்று குறித்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பாலிகிளினிக்கிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். பாலிகிளினிக் தொலைபேசி எண்ணையும் '48 மணி நேரம்' என்பதையும் பெரிய எழுத்தில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று தாருங்கள். அது கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலர்கள்,
மதுரை