டூரிங் வண்டிக்குப் பொருந்தாத 21 அங்குல வீல்: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
கஸ்டம் வீல் விற்பனைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசிப் பேசி அலுத்துப்போன பிறகு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பில், ஆர்டர் விவரம், நான் அனுப்பிய படங்கள், வீடியோ எல்லாம் உங்கள் சிஸ்டத்திலேயே இருக்கின்றன. அந்த செட் எது, எந்த வண்டிக்கு என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்த பொருள் உங்களுக்குத் தெரியாதா?

நெடுந்தூரம் ஓட்டுகிற என் டூரிங் பைக்கின் 21 அங்குல முன்வீல் செட்டுக்கு ஆனி மாதம் 92,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். இப்போது ஐப்பசி. வண்டி கம்பெனி கொடுத்த பழைய 19 அங்குல வீலில்தான் ஓடுகிறது. மாட்டிப் பார்த்துக் கழற்றிய உங்கள் வீல் அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. வருகிற போகிறவர்கள் எல்லாம் "என்ன தம்பி இது, டிராக்டருக்கா?" என்று விசாரிக்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் சேவை மையத்தில் பேசிய அந்த நபரைச் சொல்லாமல் மற்றது எதுவும் எழுத வரவில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையவில்லை, மட்கார்டு உரசுகிறது என்று நான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நடுவில் வெட்டி, "சார், நீங்க இருக்கறது கிராமம். வாய்க்கால் ரோட்ல ஓட்டற வண்டிக்கு எதுக்கு சார் இருபத்தோரு இன்ச்?" என்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் வேறு. பணம் கட்டும்போது என் முகவரியில் 614001 என்ற பின்கோடு இருந்ததே, அப்போது அது கிராமமாகத் தெரியவில்லையா? மன்னார்குடியின் காசு இனிக்கிறது, மன்னார்குடியின் ரோடு கசக்கிறதா? அந்த அழைப்பு பதிவாகிறது என்று உங்கள் இயந்திரக் குரலே முதலில் சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாங்கும் முன் உங்கள் விற்பனை ஆளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இதற்காக வண்டியில் எதையாவது வெட்டவோ ஒட்டவோ வேண்டுமா? "ஒண்ணும் வேணாம் சார், கழட்டி மாட்டினா போதும், ஏபிஎஸ்ஸும் அப்படியே வேலை செய்யும்" என்றார். வெளிநாட்டில் பெரிய டூரிங் வண்டிகளுக்கு 23, 26 அங்குலம் வரை முன்வீல் போடுகிறவர்கள் ஹேண்டில் கழுத்தையே வெட்டி, சாய்வை மாற்றிக் கட்டுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் அந்த ஆட்டத்துக்கே வரவில்லை. உங்கள் பட்டியலில் என் வண்டியின் பெயருக்கு நேராக நீங்களே டிக் போட்டு வைத்திருந்த அளவைத்தான் வாங்கினேன்.

டயர் அளவைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். பழைய 100/90-19 டயரின் (அகலம் மில்லிமீட்டரில், பக்க உயரம் அகலத்தில் இத்தனை சதவீதம், வீல் அளவு அங்குலத்தில்) வெளி விட்டம் ஏறக்குறைய 663 மில்லிமீட்டர். நீங்கள் அனுப்பிய 120/70-21 டயருக்கு 701. அதாவது டயரின் தலை மட்கார்டை நோக்கி 19 மில்லிமீட்டர் ஏறுகிறது. அதற்காக மட்கார்டைத் தூக்கி வைக்கும் பிராக்கெட் பெட்டியில் இல்லை. "தனியா வரும்" என்றீர்கள். வந்தது வேறு வண்டியின் பிராக்கெட், துளையே சேரவில்லை. அது இல்லாமல் மாட்டினால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடம்தான். சென்னையில் இது போதும் என்று நினைத்தீர்களோ என்னவோ. இங்கே குறுவை அறுப்புக்கு வயலில் இறங்கிய டிராக்டர்கள் ரோடு முழுக்கக் களிமண்ணை இழுத்துவிட்டுப் போகும். மழையில் அந்தச் சேறு மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் முன்வீல் நின்றுவிடும். வடுவூர் ஏரிக்கரை வளைவில் முன்வீல் நின்றால் நான் எங்கே போய் விழுவேன் என்று உங்களுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டுமா?

உங்கள் வீலை மாட்டினால் ஹேண்டிலும் கனத்துவிடுகிறது. முன்பக்கம் உயர்ந்ததால் மெதுவாகத் திருப்பும்போது வண்டி பிடிவாதம் பிடிக்கிறது. மீட்டரும் பொய் சொல்கிறது. என் வண்டியில் வேகம் முன்வீல் சென்சாரிலிருந்துதான் மீட்டருக்குப் போகிறது. மீட்டர் 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ் 85 காட்டுகிறது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். பிரேக்கை எப்படி விடுவது? வீலை நடுவில் நிறுத்த நீங்கள் கொடுத்த ஸ்பேசர் வளையம் ஒரு பக்கம் குட்டை. பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கும்பகோணம் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் கருகிய வாடை வந்தது. பக்கத்தில் நின்ற மினி பஸ் டிரைவர், "அண்ணே, முன்னாடி புகையுது" என்றார். குனிந்து பார்த்தால் டிஸ்க்கின் ஓரத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது. கேட் திறந்ததும் பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, நான் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் படத்தையும் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்."

அப்புறம் திருச்சி. வண்டியை ஓட்டி வராதீர்கள், ஏற்றி வாருங்கள், எங்கள் அங்கீகாரம் பெற்ற பொருத்துநர் அன்றே சரிசெய்து தருவார் என்று எழுத்தில் சொன்னது நீங்கள். குட்டியானை பிடித்து, கயிறு கட்டி, தஞ்சாவூர், வல்லம், செங்கிப்பட்டி என்று போய், வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் குட்டியானைக்குக் காசும் கட்டிப் போய் இறங்கினால், கடையில் ஒரு பையன் மட்டும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "ஏபிஎஸ் பார்க்கற அண்ணன் மெட்ராஸ் போயிட்டார்." சொல்லி அனுப்பவில்லையா என்றால், "கம்பெனியிலேர்ந்து எங்களுக்கு யாரும் சொல்லலியே." சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனே ஒரு வழி சொன்னான்: "வேணும்னா ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி விட்டுடலாம்ணே. லைட்டைப் பத்தி யோசிக்கவே வேணாம்." 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று சட்டம் வந்திருப்பது உங்கள் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு எட்டவில்லை போலிருக்கிறது. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கடைக்கு உங்கள் போர்டை மாட்டிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

முன்வீலும் பின்வீலும் சுற்றுகிற வேகத்தை ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ் வேலை செய்கிறது. முன்வீலின் சுற்றளவை மாற்றினீர்கள், சென்சார் படிக்கும் பல் வளையத்தையும் மாற்றினீர்கள். அது சென்சாரிலிருந்து விலகி நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. இதை ஒரு வண்டியில்கூட மாட்டிப் பார்க்காமல் விற்கத் தொடங்கினீர்களா? இல்லை, நாங்கள்தான் உங்கள் சோதனைக்கூடமா?

"ஆர்டிஓ பிரச்னையே வராது, சர்டிபிகேட் தருவோம்" என்றும் சொன்னீர்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றுகூட இருக்கிறது, அதுவும் உரிமையாளருக்கு. அந்தச் சர்டிபிகேட் எங்கே? வீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஐஎஸ்ஐ முத்திரையும் கண்ணில் படவில்லை. இருந்தால் எங்கே என்று சொல்லுங்கள், பூதக்கண்ணாடி வாங்கிப் பார்க்கிறேன்.

தீபாவளி விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம், முத்துப்பேட்டை வழியாகக் கடற்கரைச் சாலையிலேயே தனுஷ்கோடி போவதாக இருந்தோம். அதற்காகத்தான் இந்த வீலே. நண்பர்கள் என்னை விட்டுவிட்டுப் போய்வந்தார்கள். பாம்பன் பாலத்தில் நின்றுகொண்டு படம் வேறு அனுப்பினார்கள். அந்தப் பயணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வீல் காசு, டிஸ்க், பிரேக் பேட், குட்டியானை வாடகை, வேலை கெட்ட நாட்கள், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து எனக்கு 5 லட்சம் ரூபாய் நஷ்டம். குறைத்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, நீங்கள்தான் திருவாரூருக்கு வர வேண்டும். வாருங்கள், ஆழித்தேரையும் பார்த்த மாதிரி இருக்கும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகிவிட்டது. வக்கீல் நோட்டீஸும் தயார்.

இருந்தாலும், இதைப் படிக்கிற நீங்கள் அந்தத் தொலைபேசி நபரைப் போன்றவர் இல்லை என்றே நினைத்துக் கேட்கிறேன். தயவுசெய்து மறுபடியும் போட்டோ அனுப்புங்கள், வீடியோ அனுப்புங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். மாற்று பிராக்கெட்டோ புது ஸ்பேசரோ எனக்கு வேண்டாம். தள்ளுபடிக் கூப்பன் அறவே வேண்டாம். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் 92,000 ரூபாயும் டிஸ்க், பேட் மாற்றிய செலவும் குட்டியானை வாடகையும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். "வாய்க்கால் ரோடு" என்று சொன்னவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் மற்ற நஷ்டத்தை நான் கேட்கப் போவதில்லை. நடக்காவிட்டால் 16ஆம் நாள் மனு திருவாரூரில் இருக்கும்.

வீலை எடுத்துப்போக நீங்களே வண்டி அனுப்புங்கள், நான் பார்சல் போட மாட்டேன். வருகிறவர் காலை பத்து மணிக்குமேல் போன் செய்துவிட்டு வரட்டும். அதற்கு முன் வயலில் இருப்பேன். பில் நகல், திருச்சிக்கு வரச்சொன்ன உங்கள் மின்னஞ்சல், சுங்க ரசீது, டிஸ்க்கின் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி.